கிட்டக் கிடந்த வண்டி

அத்தியாயம் 9

கன்னியம்மா தன்னுடைய மீன் வெட்டும் பலகையை மகளுக்குத் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்தே அவள் புருஷன் ராமதாஸுக்கு மனசு சரியில்லை.

பலகை போனதில் அவருக்கு வருத்தமில்லை. போன வாரம் பயிற்சி ஓட்டத்தில் மகள் கீர்த்தியின் ரிமோட் பந்தய வண்டி பாதையோரக் குழாயில் முட்டி, முன்பக்கம் நொறுங்கிப் போனது. புது சாமான் வந்து சேர நாளாகும் என்று அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். மீன் விற்றுவிட்டு வந்த கன்னியம்மா ஒரு வார்த்தை பேசாமல், அந்தத் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பலகையைக் கழுவி மகள் கையில் நீட்டினாள். கீர்த்தி அதை அறுத்து, ராவி, பம்பராக மாட்டினாள். அச்சாக உட்கார்ந்தது.

அவ்வளவுதான், திருவொற்றியூர்க் குப்பம் முழுக்க அதே பேச்சு. "கன்னிம்மா பலகைலதாம்பா வண்டியே நிக்குது!" என்று டீக்கடையில் ராமதாஸின் காது படவே சொன்னார்கள்.

அவருக்கு எப்படி இருக்கும்? காசிமேட்டு விசைப்படகில் இஞ்சின் டிரைவர் அவர். ராமதாஸ் கை வைத்த இஞ்சின் நடுக்கடலில் நின்றதில்லை என்று துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் ராமதாஸே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மோட்டார் வைத்த ஒரு வண்டி உருவாகிறது, மீன் விற்கிறவள் பம்பர் கொடுக்கிறாள், இஞ்சின் டிரைவர் ஒரு ஸ்குரூகூடப் போடவில்லை என்றால் அது கௌரவக் குறைச்சல் இல்லையா?

வேறு சமயமாக இருந்தால் கடலுக்குப் போய் மறந்திருப்பார். இது மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. ராமதாஸின் கைகளும் அப்படியே சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற கை விபரீதத்தில்தான் போய் முடியும்.

பந்தய நாளான ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. கன்னியம்மா அதற்குள் ராயபுரத்துக்கு மீன் எடுக்கக் கிளம்பிப் போயிருந்தாள். கீர்த்தி குளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில், துணி விரித்த ஸ்டூலின் மேல் வண்டி நின்றது.

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நாலு சக்கரத்திலும் முள் முள்ளாக ரப்பர். பெட்டியில் வந்தபோது அது வண்டியே இல்லை, பொட்டலம் பொட்டலமாக ஸ்குரூவும் பல்சக்கரமும் தகடும்தான். எண்ணூரில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் சரக்கைப் பரிசோதிக்கிற வேலை கீர்த்திக்கு. வேலை முடிந்து வந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் டேம்பருக்குள் ஆயில் ஊற்றிவிட்டு, காற்றுக் குமிழி அடங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் ராமதாஸ் வாய் தவறி "பொம்மை" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இது பொம்ம இல்ல நைனா. கடைல வாங்கி அப்டியே ஓட்றதுதான் பொம்ம. இது நான் பூட்டுனது" என்றாள்.

இப்போது அவர் மெதுவாக வண்டியின் பக்கத்தில் குந்தினார். பார்ப்பதில் என்ன தப்பு? பார்த்தார். பிறகு ஸ்குரூ கழற்றும் அவளுடைய சாவியை எடுத்து, பல்சக்கரத்தை மூடியிருந்த சின்ன மூடியைக் கழற்றினார்.

உள்ளே கிளட்ச். வட்டமாக இரண்டு தட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ராமதாஸ் விரலால் தொட்டார். தூக்கிவாரிப் போட்டது. தட்டுகள் சருகாகக் காய்ந்து கிடந்தன!

படகின் கியர் பாக்ஸில் கிளட்ச் தட்டுகள் இருபத்துநாலு மணி நேரமும் ஆயிலில் குளித்துக்கொண்டே இருக்கும். ஆயில் குறைந்தால் தட்டு கருகும், தட்டு கருகினால் படகு நடுக்கடலில் மிதக்க வேண்டியதுதான். அவர் அறிந்த கிளட்ச் அதுதான்.

'பாவம், கொழந்த மறந்துட்டா' என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் உள்ளூர ஒரு குஷியும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டாம்.

கட்டிலுக்கடியிலிருந்து கிரீஸ் டப்பா வந்தது. படகின் புரொப்பல்லர் தண்டுக்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் உயர்ந்த சரக்கு. கிளட்சின் நட்டைத் தளர்த்தி, சுண்டு விரலில் தொட்டு, தட்டுகளுக்கு நடுவே பதமாகத் தடவினார். எத்தனை சுற்று கழற்றினாரோ அத்தனை சுற்று திரும்ப இறுக்கினார். மூடியைப் பூட்டித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பலகை விஷயம் போல ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க அவர் தயாராக இல்லை. வண்டி ஜெயிக்கட்டும், சாயங்காலம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

*

பந்தயம் புழல் ஏரிக்கு அந்தப்பக்கம், ஒரு காலி மனையில். மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாகப் பாதை போட்டு, இருபுறமும் குழாய் பதித்திருந்தார்கள். முதலில் வருகிற ஒருவருக்கு மட்டும் கோயம்புத்தூரில் நடக்கும் பெரிய பந்தயத்தில் இடம். கீர்த்தி அந்த இடத்தின் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

ராமதாஸ் தனியாக வரவில்லை. மூத்தவன் விமல் ஓட்டிவந்த குட்டியானை லோடு வண்டியின் பின்னால் படகு ஆட்கள் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "கோயம்புத்தூருக்கு நானும்தான் போறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பாப்பா எதிர்ல எவன் மாமு நிப்பான்?" என்று ஏற்றிவிட்டான் வல்லரசு. படகில் வலை இழுக்கிறவன், ராமதாஸுக்கு எடுபிடி, ஜால்ரா எல்லாம் அவன்தான்.

எதிரில் நிற்கக்கூடியவன் ஒருவன் இருந்தான். ராயபுரத்து ஹார்டுவேர் கடைக்காரர் மகன் அபின். போன மூன்று பந்தயங்களிலும் அவன்தான் முதல். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, தனியாக ஒரு பையோடு வந்திருந்தான். கீர்த்தியின் மேஜைக்குப் பக்கத்து மேஜை. வந்ததும் அவளிடம் சாவி ஒன்றை இரவல் வாங்கினான். அவள் பேட்டரியைச் சார்ஜ் போடப் போயிருந்த நேரத்தில் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

காலையில் ஒரு ஓட்டம், மதியம் ஒரு ஓட்டம். இரண்டில் எது நல்லதோ அதை வைத்து மாலை இறுதி ஓட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள்.

காலை ஓட்டம். ஓட்டுகிறவர்கள் மேடையேறி ரிமோட்டைப் பிடித்து நின்றார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக, துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்து ராமதாஸுக்கு நெஞ்சு விம்மியது.

கொடி இறங்கியது. வண்டிகள் பாய்ந்தன. கீர்த்தியின் வண்டி பாயவில்லை.

மோட்டார் மட்டும் கீச்சென்று கத்தியது. சக்கரம் அசைந்து கொடுத்ததே தவிர ஓடவில்லை. மாட்டு வண்டிகூட முந்திவிடும் போல உருண்டு, முதல் மேட்டில் பாதி ஏறி, பின்னாலேயே சரிந்து இறங்கியது. யாரோ சிரித்தார்கள். கீர்த்தி ரிமோட்டை அணைத்துவிட்டு இறங்கினாள்.

*

அவள் மேஜையில் வண்டியை வைத்து மூடியைக் கழற்றினாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். கிளட்ச் தட்டிலிருந்து எதையோ விரலில் வழித்து மூக்கருகே கொண்டுபோனாள். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாது?" என்றான் விமல்.

"கிரீஸு."

"கிரீஸா? அது போட்டா நல்லதுதான?" என்றான் வல்லரசு.

பந்தயத்தை நடத்தும் திருமுருகன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கிளட்ச்லயா? இந்தத் தட்டு ரெண்டும் ஒண்ணையொண்ணு கவ்விப் பிடிச்சாத்தானே வண்டி நகரும்? மேட்டுலேர்ந்து விழும்போது மட்டும் கொஞ்சம் நழுவணும். கிரீஸ் பட்டா எப்பவும் நழுவிக்கிட்டேதான் இருக்கும். காய்ஞ்சு இருக்க வேண்டிய எடம் சார் இது."

காய்ந்து இருக்க வேண்டிய கிளட்ச் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என ராமதாஸுக்கு யாரும் சொன்னதில்லை.

விமலுக்கு வேறு கணக்கு ஓடியது. "இவன்தான்! சாவி குடுக்கறேன்னு வந்து இங்க குந்திகினு இருந்தான், நான் பாத்தேன்!" என்று பாய்ந்து அபினின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணா, சத்தியமா நான் தொடலைண்ணா. சாவிய மட்டும்தான் வெச்சேன்" என்றான் அபின். கண்ணாடி கோணிக்கொண்டது. அந்தப் பையனுக்காகப் பேச அங்கே ஒரு மனிதர் இல்லை. அவன் வீட்டிலிருந்து யாருமே வந்திருக்கவில்லை.

திருமுருகன் நடுவில் புகுந்தார். "விமல், கையை எடுங்க. அடுத்தவங்க வண்டியில கை வெச்சது உண்மைனா, அபின் இன்னிக்கு ஓட்ட முடியாது. விசாரிச்சு முடிவு பண்றேன்."

வல்லரசு ராமதாஸின் காதோரம் குனிந்தான். "மாமு, இவன் அவுட்டுன்னா மத்ததெல்லாம் சும்மா. கோயம்புத்தூரு நம்ம பாப்பாக்குத்தான்."

ராமதாஸ் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். மகளுக்கு வழி சுத்தமாகிவிடும். அவர் பெயரும் பத்திரமாக இருக்கும். ஏழெட்டு ஆட்கள் எதிரில், 'என் இஞ்சின் நின்றதில்லை' என்று வாழ்நாளெல்லாம் பேசியவர், மகள் வண்டியையே நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்காது.

"வுடுண்ணா அவன" என்றாள் கீர்த்தி. குரல் உயரவில்லை. "யாரும் கை வெக்கல. நான்தான் பூட்டும்போது தப்பா போட்டுட்டேன்."

விமலின் கை தளர்ந்தது. கூட்டம் சலசலத்தது. தொப்பி போட்ட ஒருவர் பக்கத்து ஆளிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "கிளட்சுக்கு கிரீஸ் போடக் கூடாதுன்னுகூட தெரியல. பொண்ணுங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலையெல்லாம்?"

பொறுத்துக்கொண்டிருந்த ராமதாஸுக்கு அந்த வார்த்தையில் பற்றிக்கொண்டது. பயம், வெட்கம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பெண் பூட்டிய வண்டியைக் குறை சொல்வதாவது! மாதக்கணக்காக அவள் குனிந்து குனிந்து சேர்த்ததை அவர் கூடத்தில் படுத்துக்கொண்டு பார்த்தவர். ஒரு ஸ்குரூ சரியாக உட்காரவில்லை என்று மூன்று தடவை கழற்றியவள் அவள்.

"யோவ் தொப்பி!" என்றார். படகில் இஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். மனை முழுக்கத் திரும்பியது. "அவ தப்பா பூட்டல. அவ பூட்டுனதுல ஒரு நொட்ட சொல்ல முடியாது உன்னால. கிரீஸ் தடவுனவன் நானு."

"நைனா..." என்றாள் கீர்த்தி.

"இரு. நான்தான்யா. இன்னிக்கு காலீல, அவளுக்குத் தெரியாம. கடல்ல ஓட்ற போட்டு கிளட்சுன்னு நெனச்சுகினு தடவிட்டேன். இஞ்சின் டிரைவர் ராமதாஸு, காசிமேடு. பேர நல்லா கேட்டுக்கோ. கோளாறு நான் தொட்டதால வந்துச்சு. அவ தொட்ட எடத்துல கோளாறு கெடையாது."

வல்லரசு தரையைப் பார்த்தான். ராமதாஸ் அபினிடம் போய், அவன் சட்டையின் கசங்கலை உள்ளங்கையால் நீவிவிட்டார். "மன்னிச்சுக்கோ தம்பி. எம்புள்ள கை வெச்சதுக்கும் சேத்து" என்றார்.

"பரவால்ல அங்கிள்" என்றான் அபின், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு.

*

கூட்டம் கலைந்த பிறகு கீர்த்தி தட்டுகளைக் கழற்றி, கிளீனர் ஸ்பிரே அடித்து, உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தாள். ராமதாஸ் எதிரே நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், தொட்டுவிடக் கூடாதே என்று.

"நான்தான் அத்த மூடி வெச்சேன் இல்ல? நீ ஏன் நைனா தொறந்த?"

"எத்த?"

"வாய."

அவர் அசடு வழிந்தார். "உனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சா?"

"மோந்து பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. போட்டு நாத்தம் அடிக்கிற கிரீஸு ஊர்ல வேற எவன் வூட்ல கீது?" அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோபத்தில் காது சிவந்திருந்தது. "ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? எவ்ளோ நாளா நான் ஏங்கிகினு கீறேன் இந்த ஒரு நாளுக்கு?"

"தப்புதாம்மா. ஆனா நீ ஏன் உம்மேல போட்டுகின?"

கீர்த்தி தலையைத் தூக்கினாள். "பின்ன? ராமதாஸு கை வெச்சு இஞ்சின் நின்னுச்சுன்னு வல்லரசு மாமா துறைமுகம் பூரா பேசறதுக்கா உன்ன இட்டுகினு வந்தேன்?"

ராமதாஸ் மகளுக்காகப் பெருமைப்பட வந்தார். அவளோ அவருடைய பெருமையைத் தன் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவள் தட்டுகளைத் திரும்பப் பூட்டி, நட்டை இறுக்கினாள். முகம் கொஞ்சம் இளகியது. "நட்ட மட்டும் கரீக்டா அதே எடத்துல வெச்சுக்கீற. அதுல ஒண்ணும் கொற சொல்ல முடியாது."

அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. மத்தியானச் சாப்பாடு இறங்கியது.

மதிய ஓட்டத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு போனது. மேட்டில் ஏறிப் பறந்து, நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டு, குலுங்காமல் திரும்பியது. ஆனால் கிரீஸின் மிச்சம் சூட்டில் கசிந்து, கடைசிச் சுற்றுகளில் இரண்டு இடத்தில் நழுவியது. இறுதிக்குத் தேறியவர்களில் கீர்த்திக்குக் கடைசி இடம். அபின் முன்வரிசையில் முதலில் நின்றான்.

*

இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கவிழ்ந்தால் மேடையிலிருந்து யாரும் இறங்கி வர முடியாது. அதனால் வளைவுக்கு வளைவு ஒரு ஆள் நிற்பார். மார்ஷல் என்று பெயர். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திப் பாதையில் விடுவதுதான் அவர் வேலை. ஓடாதவர்களும் கூட வந்தவர்களும் முறை போட்டு நிற்க வேண்டும்.

திருமுருகன் ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை ராமதாஸிடம் நீட்டினார். "ஆள் கொறையுது சார். இரட்டை மேட்டுல நில்லுங்க. எது கவுந்தாலும் நிமித்தி, போற பக்கம் பாத்து விடணும். அவ்வளவுதான்."

"கிரீஸ் கீஸ் எதுவும் வெச்சுக்கலியே?" என்று தொப்பிக்காரர் கேட்டதற்கு இந்த முறை ராமதாஸும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

இறுதி ஓட்டம் தொடங்கியது. தட்டுகளை இன்னொரு தடவை துடைத்துப் பூட்டிவிட்டு, கடைசியில் கிளம்பிய கீர்த்தி அவசரப்படவில்லை. முன்னால் போகிறவர்கள் தடுமாறுகிற இடம் எது என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொருவராகத் தாண்டினாள். படகு ஆட்கள் குட்டியானையின் மேல் ஏறி நின்று விசில் அடித்தார்கள். பாதி ஓட்டத்தில் அவள் மூன்றாவது. பிறகு இரண்டாவது. அப்புறம் அபினின் வண்டிக்கும் அவள் வண்டிக்கும் நடுவே நாலு முழம்தான் இருந்தது.

கடைசிச் சுற்று. இரட்டை மேட்டை நோக்கி இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அபின் பறந்தான். இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து தடுமாறியது அவன் வண்டி. பின்னாலேயே பறந்து வந்த கீர்த்தியின் வண்டி நேராக அதன் மேல் இறங்கியது. புழுதி கிளம்பியது. அடங்கியபோது இரண்டும் சக்கரத்தை வானத்தைப் பார்த்துச் சுழற்றிக்கொண்டு கிடந்தன.

"நைனா! நம்ம வண்டிய எடு! பாப்பா வண்டிய எடு!" விமல் தொண்டை கிழியக் கத்தினான்.

ராமதாஸ் அதற்குள் ஓடியிருந்தார். அவர் காலடியில் கிடந்தது அபினின் வண்டி. கீர்த்தியுடையது பாதையைத் தாண்டி, அந்தப்பக்கக் குழாயோரம். அவர் யோசிக்கவில்லை. குனிந்தார், கிட்டக் கிடந்ததைத் தூக்கினார், நிமிர்த்தினார், போகிற திசையில் வைத்தார். அது சீறிக்கொண்டு போனது. பிறகுதான் குறுக்கே பாய்ந்து மகளின் வண்டியைத் தூக்கி விட்டார்.

கீர்த்தி துரத்தினாள். கடைசி வளைவில் ஒரு சாண் நெருங்கினாள். அந்த ஒரு சாணைத் தாண்ட முடியவில்லை. அபின் முதல், கீர்த்தி இரண்டாவது.

குட்டியானையின் மேல் சத்தம் அடங்கிப்போனது. அப்போதுதான் ராமதாஸுக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. கோயம்புத்தூரைத் தன் கையாலேயே தூக்கி வேறொருவனுக்குக் கொடுத்திருக்கிறார். அங்கேயே நின்றார்.

கீர்த்தி மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எந்த வண்டின்னு தெரிஞ்சுதான எடுத்த?"

"தெரிஞ்சுதாம்மா."

"நான் உம் பொண்ணு நைனா."

"கிட்ட கெடந்துச்சு." அவருக்கு வேறு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. "கடல்ல போட்டு கவுந்தா எவன் போட்டுன்னு பாத்துகினா கை குடுப்போம்? கிட்ட கீறவன மொதல்ல தூக்குவோம். கை அதுக்குப் பழகிப்போச்சும்மா. காலீல தடவுன மாரியே... இதுவும்..."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று திருமுருகனிடம் போய், அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நான் ரெண்டாவது வந்துக்கீறேன். அந்த ரெட்ட மேட்டுல மார்ஷலா நின்னவரு, அபின் வண்டிய மொதல்ல தூக்கி வுட்டாரே, அவரு எங்க நைனா. பேரு ராமதாஸு. காலைலயே சொன்னாரு, மறந்துருந்தீங்கன்னா திரும்பக் கேட்டுக்குங்க."

குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. முதலில் கை தட்டியது தொப்பிக்காரர்தான். அப்புறம் மேடையிலிருந்தவர்கள். அப்புறம் வல்லரசு அடித்த விசில் ஏரியைத் தாண்டிக் கேட்டிருக்கும். ராமதாஸ் ஆரஞ்சுச் சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார். எத்தனையோ தடவை கடலிலிருந்து படகு நிறைய மீனோடு திரும்பியிருக்கிறார். இப்படி ஒரு பெருமையை ஏற்றிக்கொண்டு அவர் கரைக்கு வந்ததே இல்லை.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. கன்னியம்மா.

"இன்னாயா ஆச்சு? முடிஞ்சுதா?" அவள் குரல் ரகசியமாக இருந்தது. "நம்ம வூட்ல பெர்சிஸம்மா வந்து குந்திகினு கீறாங்க. ராயபுரத்துல எங்கிட்ட மீன் வாங்குவாங்களே, ஹார்டுவேர் கடைக்காரம்மா. அவங்க புள்ள அபின் அங்கதான் கீறானாமே?"

"ஆமா. அவங்க ஏன் அங்க வந்தாங்க?"

"அளுதுகினு கீறாங்கயா. கோயம்புத்தூரு அது இதுன்னு கெளம்புனா அப்டியே போயிடு, திரும்பி கடைப் பக்கமும் வராத வூட்டுப் பக்கமும் வராதன்னு அபின்கிட்ட அவன் அப்பா நேத்து கண்டிஷனா சொல்லிட்டாராம். பையனும் ஜெயிச்சா போய்த்தான் தீருவேன்னு சொல்லிட்டு வந்துட்டானாம். நம்ம கீர்த்தி ஜெயிக்கணும்னு சர்ச்சுல முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு நேரா இங்க வந்துட்டாங்க. இரு, அவங்களே கேக்கறாங்க."

போன் கை மாறியது.

"அண்ணே," என்றது தழுதழுத்த ஒரு குரல், "உங்க பொண்ணுதானே அண்ணே ஜெயிச்சுது?"

ராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்று அவருக்கு அது வரவில்லை.

"உங்க பையன்தாம்மா" என்றார். "கவுந்துட்டான். நான்தான் தூக்கி வுட்டேன்."

எதிரே, முகமெல்லாம் பல்லாக, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இத முதல்ல நீங்க பிடிங்க!" என்று கத்தியபடி அபின் அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான்.